வெங்காயத் தோட்டத்து எஞ்சினும் நம் பிள்ளைகளின் வண்டியும்

கடந்த வெங்காயப் போகத்தில் ஒருநாள் மாலை, எங்கள் பங்கைச் சேர்ந்த பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் தன் கையால் செய்த சிறிய மோட்டார் வண்டியொன்றைப் பங்குமனை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். பழைய சைக்கிள் குழாய்களை வெல்டிங் செய்து ஆக்கிய சட்டம், கழித்துவிடப்பட்ட ஸ்கூட்டரின் இரண்டு சில்லுகள், நடுவில் வாட்டர் பம்பிலிருந்து கழற்றிய எஞ்சின். ஒரே இழுப்பில் அது உயிர்பெற்றது. நானும் சிறுவர்களோடு சேர்ந்து கைதட்டினேன்.

மூன்று வாரங்களின் பின் அவனுடைய தகப்பனார் வந்தார். எஞ்சினின் கொனெக்டிங் றொட் முறிந்து, பக்கச் சுவரையும் உடைத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அவர் மகனைத் திட்டவில்லை. “சுவாமி, வண்டி போனால் போகட்டும். நாளைக்கு வெங்காயத்துக்கு எதனால் தண்ணீர் இறைப்பது?” என்று மட்டும் கேட்டார். கற்பிட்டி மணலில் வெங்காயம் வைத்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் பாரம் தெரியும். நம் மண் தண்ணீரைப் பிடித்து வைப்பதில்லை. இரண்டு நாள் இறைப்பு நின்றால் தாள் மஞ்சளாகிவிடும். அன்று நான் கைதட்டியதும் தவறோ என்று பல நாட்கள் யோசித்தேன். அந்த யோசனையின் பயனே இக்கட்டுரை.

இப்படியான வேளையில் ஊரில் இரண்டு குரல்கள் எழுவதுண்டு. “இந்த விளையாட்டையெல்லாம் நிறுத்த வேண்டும்” என்பது பெரியவர்களின் குரல். “இன்னும் பலமான றொட் போட்டால் இன்னும் வேகமாக ஓடும்” என்பது இளைஞர்களின் குரல். இவ்விரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. 1946ஆம் ஆண்டு, போரில் தோற்றுப்போன ஜப்பானின் ஹமமட்சு நகரில், சொயிச்சிரோ ஹொண்டா என்பவர் இராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் கொடுக்கப் பயன்பட்ட சிறு எஞ்சின்களைக் கண்டெடுத்துச் சைக்கிள்களில் பூட்டினார். பெற்றோல் பங்கீட்டில் இருந்த காலம் அது. பைன் மர வேரிலிருந்து எடுத்த எண்ணெயைக் கலந்தே அவற்றை ஓட்டினார்கள். முதல் வண்டிக்கு எண்ணெய்த் தாங்கியாக அமைந்தது வீட்டில் பாவித்த வெந்நீர்க் குடுவை. 1948இல் உருவான ஹொண்டா கம்பனியின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆகவே பம்ப் எஞ்சினை வண்டியில் பூட்டும் நம் பிள்ளை வீணான காரியம் செய்கிறான் என்று எவரும் சொல்லவேண்டாம்.

இவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையினால் வடக்கில் பெற்றோல் கிடைக்காத ஆண்டுகளில், யாழ்ப்பாணத்து மக்கள் மோட்டார் சைக்கிள்களையும் பழைய கார்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சில துளி பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறினார்கள். அந்த ஆண்டுகளில் அப்படித்தான் நோயாளர் வைத்தியசாலைக்கும் பிள்ளைகள் பரீட்சைக்கும் போனார்கள். நம் கரையிலும் மண்ணெண்ணெய் மோட்டார் பூட்டிய படகோட்டிகள் பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதும், நிறுத்துமுன் மறுபடி பெற்றோலுக்கு வருவதும் பழகிய முறைதான். 2022இல் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதையும், மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று அளந்து தந்ததையும், அவ்வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்ததையும் நாம் மறக்கவில்லை. அப்படியொரு நாள் மீண்டும் வந்தால், எஞ்சினின் உள்ளைத் தெரிந்த பிள்ளை ஊருக்கு வேண்டும்.

இனி இளைஞர்களுக்கு. தம்பிமாரே, அந்த எஞ்சின் ஏன் உடைந்தது? அதிக வேகத்துக்காகக் கவர்னரைக் கழற்றினீர்கள். பலரும் கண்டிருக்கும் ஹொண்டா ஜி.எக்ஸ்.160 எஞ்சினை உதாரணமாக எடுப்போம். 163 சி.சி. கொள்ளளவுள்ள அதன் முழு வலுவும் நிமிடத்துக்கு 3,600 சுற்றில் கணிக்கப்பட்டது. சுற்றை ஒன்றரை மடங்காக்கி 5,400க்குக் கொண்டுபோனால், றொட்டை இழுக்கும் விசை ஒன்றரை மடங்கல்ல, இரண்டேகால் மடங்காகும். வேகம் ஏறும்போது விசை அதன் வர்க்கமாக ஏறுகிறது. இது நீங்கள் பாடசாலையில் படித்த கணக்குத்தான். அதே சுழற்சியில் வார்ப்பிரும்புப் பிளைவீல் சிதறவும் கூடும். அது உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் சுழல்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். பலமான றொட் மட்டும் மாற்றினால் பழுது அடுத்த பலவீனமான பாகத்துக்குப் போகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்த எஞ்சின்களுக்கு ஒயில் பம்ப் கிடையாது. றொட்டின் அடியிலுள்ள சிறு கரண்டி ஒயிலை அள்ளித் தெளிப்பதால்தான் உள்ளே எல்லாம் நனைகிறது. உள்ளிருப்பது அரை லீற்றருக்குச் சற்றுக் கூடுதலான ஒயில் மட்டுமே. மட்டமான இடத்தில் நின்று தண்ணீர் இறைக்கவென்று செய்த எஞ்சின் அது. 20 பாகைக்கு மேல் சரியக்கூடாது. மணல் மேட்டில் அதைச் சாய்த்து ஏற்றினால் கரண்டிக்கு ஒயில் எட்டாது. இதற்கெல்லாம் மேலாக, “நன்றாக மூச்சு விடட்டும்” என்று எயார் பில்டரைக் கழற்றி எறிகிறீர்கள். கற்பிட்டிக் காற்றில் மணல் இல்லாத நாள் உண்டா? மணல் உள்ளே போனால் பிஸ்டனையும் சிலிண்டரையும் அரத்தால் அராவுவதுபோல் அராவிவிடும்.

அப்படியானால் எப்படிச் செய்வது? கவர்னரை இருந்தபடியே விடுங்கள். கணக்கைப் பாருங்கள்: எஞ்சினில் 10 பல், பின்சில்லில் 60 பல் என்றால் 3,600 சுற்று 600 சுற்றாகும். ஸ்கூட்டர் சில்லு ஒருமுறை உருண்டால் ஏறத்தாழ 1.35 மீற்றர். அதன்படி மணிக்கு ஏறக்குறைய 48 கிலோமீற்றர் வருகிறது. தோட்டத்திலிருந்து வெங்காய மூட்டையையும், கரையிலிருந்து மீன் பெட்டியையும் கொண்டுவர அதுவே அதிகம். பின்சில்லின் பல்லைக் கூட்டி வேகத்தைக் குறைத்தால் இழுவை கூடும், எஞ்சினும் சிரமப்படாது. புது எஞ்சின் என்றால் முதல் 20 மணித்தியாலத்தில் ஒயிலை மாற்றுங்கள், பிறகு 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மண்ணெண்ணெயில் ஓட்டினால் அதற்கும் முன்பே மாற்றவேண்டும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வடிந்து ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். முன்னும் பின்னும் பிரேக், செயினுக்கு மூடி, கையெட்டும் இடத்தில் எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச், இவை மூன்றும் இல்லாத வண்டியில் தம்பி தங்கையை ஏற்றாதீர்கள். பதிவில்லாத வண்டியைப் பாலாவி வீதிக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். அது சட்டப்படி குற்றம். அதிலும் மேலாக, அந்த வீதியில் ஓடும் லொறிகளின் முன் உங்கள் வண்டி ஒரு தும்பிக்குச் சமம்.

என் அபிப்பிராயத்தில், நாளை தோட்டத்துக்குத் திரும்பிப் போய்த் தண்ணீர் இறைக்கக்கூடிய எஞ்சினே நல்ல எஞ்சின். ஹமமட்சுவில் அந்த எஞ்சின்களைக் கிடைத்தபடியே பூட்டி விற்கவில்லை. ஒவ்வொன்றையும் பிரித்துத் திருத்தி, ஓட்டிப் பார்த்தே கொடுத்தார்கள். அந்தப் பொறுமையில்லாமல் ஹொண்டாவின் பெயரை மட்டும் சொல்வதில் பயனில்லை.

ஆனால் பொறுமையைத் தனியே கற்றுக்கொள்ள முடியாது, சொல்லித்தர ஒருவர் வேண்டும். நம் கரையில் முப்பது, நாற்பது வருடம் படகு மோட்டார் திருத்திய பெரியவர்கள் இருக்கிறார்கள். எஞ்சினின் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்வார்கள். அவர்களுடைய அறிவை இதுவரை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை நம் மண்டபத்தைத் திறந்துவிடுவோம். ஒரு பழைய எஞ்சின், ஒரு ஸ்பனர் பெட்டி, ஒரு கொப்பி போதும். எந்த மொழி பேசுபவராயினும், எந்தச் சமயத்தவராயினும் வரட்டும், எஞ்சினுக்கு அந்தப் பேதம் தெரியாது. கைப்பழக்கத்தால் கற்ற தொழிலைப் பரீட்சித்துத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறையும் நம் நாட்டில் உண்டு. பாடசாலையை இடையில் விட்ட பிள்ளைக்கு அந்தக் கடதாசி கராஜ் ஒன்றின் கதவைத் திறக்கும்.

அந்த இளைஞன் இப்போது அயலவர் ஒருவரின் பம்பைத் திருத்திக் கொடுத்து, தகப்பனாரின் எஞ்சினுக்குப் பணம் சேர்க்கிறான். வண்டியின் சட்டம் வேலியோரம் சாய்ந்து கிடக்கிறது. அதற்கு இன்னொரு எஞ்சின் பூட்டும் நாளில் கவர்னரோடுதான் பூட்டுவேன் என்று எனக்குச் சொல்லியிருக்கிறான். அன்றும் நான் கைதட்டுவேன். ஆனால் அதற்கு முன், ஒயில் அளவைக் குனிந்து பார்த்துக்கொள்வேன்.