தொலைந்த பார்சலுக்கு விற்றவரே பொறுப்பு

“கூரியரில் போட்டு ரசீது வாங்கியாச்சா? நம் வேலை முடிஞ்சுது. அதுக்கு மேல தொலைஞ்சா கூரியர்காரன் பாடு, வாங்கினவங்க பாடு.” இணையத்தில் விற்கத் தொடங்கும் சிறு வியாபாரிகளுக்கு முன்னால் வந்தவர்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் இது. கடலூரிலிருந்து சிதம்பரம் வரை, பண்ருட்டி முந்திரி, குறிஞ்சிப்பாடி கைலி, முதுநகர்க் கருவாடு என்று வீட்டிலிருந்தபடியே வாட்ஸ்அப்பில் ஆர்டர் பிடித்து அனுப்புகிற பலரும் இதை நம்பித்தான் தொழில் செய்கிறார்கள்.

இந்தப் பாடம் சட்டப்படியும் தவறு, கணக்குப்படியும் தவறு. எத்தனை கவனமாகக் கட்டினாலும் நூற்றில் ஒன்றோ, ஐந்நூற்றில் ஒன்றோ வழியில் தொலையத்தான் செய்யும். அது வண்டி வாடகை, அட்டைப்பெட்டி, டேப் மாதிரி தொழிலின் செலவு. அந்தச் செலவை முன்கூட்டியே விலையில் சேர்த்து, தனியாக எடுத்துவைத்து, தொலைந்த அன்றே வாங்கியவருக்கு ஈடு செய்கிறவர்தான் நிலைத்து நிற்பார்.

கணக்குக்கு ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். சிப்காட்டை ஒட்டி இருக்கும் செம்மங்குப்பத்தில் ஒரு பெண் வீட்டிலிருந்து முந்திரிப்பருப்பு விற்கிறார். மாதம் 100 பார்சல், ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ. பருப்பின் அடக்கம் ரூ.800, அனுப்பும் செலவு ரூ.100, வாங்குபவர் தருவது ரூ.1,100. ஒரு பார்சலில் மிஞ்சுவது ரூ.200. ஒன்று தொலைந்தால் போவது ரூ.900. நான்கைந்து பார்சல்களின் லாபம் ஒரே அடியில் போகிறது. ஆகவே இது அலட்சியமாக விடக்கூடிய விஷயம் இல்லை. இனி அந்தப் பாடத்தின் ஒவ்வொரு வாதமாக எடுத்துப் பார்ப்போம்.

“ரசீது வாங்கியதோடு பொறுப்பு தீர்ந்தது”

இந்த நம்பிக்கைக்கு ஒரு பழைய ஆதாரம் உண்டு. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, சரக்கை ஏற்றிச்செல்பவரிடம் ஒப்படைத்தாலே அதை வாங்குபவரிடம் ஒப்படைத்ததாக முதல் நோக்கில் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. ஏற்றிச்செல்பவரோடு விற்பவர் தக்கபடி ஒப்பந்தம் செய்யாமல் விட்டு, வழியில் சரக்கு தொலைந்தால், அந்த ஒப்படைப்பை வாங்குபவர் ஏற்க மறுக்கலாம். அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுப்பவர்கள் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

அது மண்டிக்கு மண்டி நடக்கும் வியாபாரத்தை மனத்தில் வைத்து எழுதிய சட்டம். வீட்டுக்கு ஒரு கிலோ பருப்பு வாங்குபவர் நுகர்வோர். அவருக்கு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள், இணையச் சந்தை வழியாக விற்பவர், சொன்ன நாளுக்குப் பிந்தி வந்த பொருளுக்குக்கூடப் பணத்தைத் திருப்பித் தர மறுக்கக் கூடாது என்கின்றன. இயற்கைச் சீற்றம் போன்றவை மட்டும் விலக்கு. பிந்தி வந்ததற்கே இந்த விதி என்றால், வந்தே சேராததற்கு என்ன சொல்ல முடியும்?

வாட்ஸ்அப்பில் விற்கிறேன், எந்தச் சந்தையிலும் நான் இல்லை என்பவரும் தப்பிக்க முடியாது. பணம் வாங்கிக்கொண்டு பொருள் தராதது எந்த வழியில் விற்றாலும் புகாருக்குரியதுதான். 2019 சட்டப்படி வாங்கியவர் தன் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது. கோயம்புத்தூர்க்காரர் அங்கேயே புகார் கொடுத்தால், ஆயிரம் ரூபாய்ப் பருப்புக்காகச் செம்மங்குப்பத்திலிருந்து பதில் சொல்ல வேண்டியவர் விற்றவர். பிரிட்டனில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டம், பொருள் வாங்குபவர் கைக்குப் போகும்வரை அபாயம் விற்பவருடையது என்று பச்சையாகவே எழுதிவைத்திருக்கிறது. இங்கேயும் காற்று அந்தத் திசையில்தான் வீசுகிறது.

“தொலைந்தால் கூரியர் முழுப் பணமும் தரும்”

தராது. ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தாலே தெரியும். இந்தப் பொடி எழுத்துக்கு உச்ச நீதிமன்றமே மதிப்புக் கொடுத்திருக்கிறது. பாரதி நிட்டிங் கம்பெனி என்ற பின்னலாடை நிறுவனம், ஜெர்மனிக்கு அனுப்பிய சரக்குக்கான ஆவணங்களை டி.எச்.எல். கூரியரில் போட்டது. உறை போய்ச் சேரவில்லை. அதற்குள் பருவம் கடந்துவிட, வாங்கியவர் விலையைக் குறைத்துக் கொடுத்தார். அந்த நட்டத்தைக் கேட்டு நிறுவனம் வழக்குப் போட்டது. மாநில நுகர்வோர் ஆணையம் கேட்டதைத் தரச் சொன்னது. தேசிய நுகர்வோர் ஆணையமோ ரசீதில் எழுதியிருந்த எல்லையான 100 டாலர் மட்டுமே என்றது. 1996இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. கையெழுத்துப் போட்ட தாளில் உள்ள நிபந்தனை, போட்டவரைக் கட்டும் என்பதே அதன் சாரம்.

சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007, கூரியர் நிறுவனங்களையும் சேர்த்தே பொதுச் சரக்குப் போக்குவரத்தாளர் என்கிறது. அதன் கீழ் 2011இல் வந்த விதிகளின்படி, மதிப்பை முன்பே அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டாத சரக்குக்கு ஈடு, வாடகையின் பத்து மடங்கைத் தாண்டாது. முதுநகரிலிருந்து பார்சல் சர்வீஸில் ரூ.200 வாடகைக்கு ரூ.12,000 பெறுமானமுள்ள கருவாட்டுப் பெட்டி போகிறது என்று வையுங்கள். தொலைந்தால் அதிகபட்சம் ரூ.2,000. அதையும் கேட்டு வழக்குப் போட வேண்டுமானால், புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். வாய்வார்த்தையாகக் கவுன்டரில் கேட்டுக்கொண்டே ஆறு மாதத்தை ஓட்டியவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டுவிடும்.

தபால் துறையும் இதில் விதிவிலக்கு அல்ல. இன்சூரன்ஸ் போடாத ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால், கட்டணத்தின் இரு மடங்கு அல்லது ரூ.1,000, இரண்டில் எது குறைவோ அதுதான் நெடுங்காலமாக அது வைத்திருக்கும் அளவு. 1898ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம் தொலைந்ததற்குப் பொறுப்பில்லை என்று அரசுக்கு விலக்குக் கொடுத்திருந்தது. 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும், விதியில் குறித்த அளவைத் தாண்டிப் பொறுப்பில்லை என்றே சொல்கிறது.

ஆகவே கூரியர் தரும் ஈடு வந்தால் வரவு. அதை நம்பி வாங்கியவரைக் காக்கவைப்பது நியாயம் இல்லை.

“அப்படியானால் எல்லாப் பார்சலுக்கும் இன்சூரன்ஸ் போட்டுவிடலாம்”

இது மறுகோடிக்குப் போவது. கூரியர் கேட்கும் கூடுதல் கட்டணம் மதிப்பில் இரண்டு சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ரூ.1,100 பார்சலுக்கு ரூ.22. நூறு பார்சலுக்கு ரூ.2,200. நூற்றில் ஒன்று தொலைந்தால் நமக்கு ஆகும் செலவோ ரூ.900தான். மற்ற ரூ.1,300 ஆண்டு முழுக்க, மாதந்தோறும் வெளியே போய்க்கொண்டிருக்கும். அதற்கு மேல் இன்சூரன்ஸ் தொகையைப் பெற பில், கேட்புப் படிவம், படம், தொலைந்ததற்கான சான்று என்று ஒவ்வொன்றுக்கும் அலைய வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தொலைந்த பார்சலில் விற்பவர் இழப்பது விற்பனை விலையை அல்ல. சரக்கின் அடக்கத்தையும் மறுபடி அனுப்பும் செலவையும்தான். மறு பார்சல் அனுப்பினால், வாங்கியவர் முதலில் கொடுத்த பணம் நம்மிடமே இருக்கிறது. ஆகவே ரூ.1,100க்கு அல்ல, ரூ.900க்குத்தான் காப்பு தேவை. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: தொலைந்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவை, சட்டத்தின் 17(5) பிரிவுப்படி திருப்பிக் கட்ட வேண்டும். அவர்களுக்கு அடக்கம் என்பது வரியையும் சேர்த்து.

“சொந்தக் காப்பு என்பது கைப்பணத்தைப் போட்டு நட்டம் கட்டுவதுதானே?”

பலர் அப்படித்தான் செய்கிறார்கள். தொலைந்தால் அந்த மாத லாபத்திலிருந்தோ, வீட்டுச் செலவுக்கு வைத்ததிலிருந்தோ எடுத்துக் கொடுப்பார்கள். அதைக் காப்பு என்று சொல்ல முடியாது. காப்பு என்றால் தொலைவதற்கு முன்பே பணம் தனியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பார்சல் போகும்போதும் ஒரு சிறு தொகை வேறொரு வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். அந்தக் கணக்கிலிருந்து சரக்கு வாங்கக் கூடாது, பொங்கல் சீர் செய்யக் கூடாது.

எவ்வளவு எடுத்துவைப்பது? நம் உதாரணத்தில் நூற்றில் ஒன்று தொலைந்தால் பார்சலுக்கு ரூ.9 போதும். ஆனால் தொலைவது சீராக நடக்காது. ஒரு மாதம் ஒன்றும் இருக்காது, அடுத்த மாதம் மூன்று போகும். அதனால் ரூ.15 எடுத்துவைக்கச் சொல்வேன். ஆண்டுக்கு 1,200 பார்சல், ரூ.18,000. அதில் 20 பார்சல் தொலைந்தாலும் ஈடுகட்டலாம். சராசரி 12 தொலையும் தொழிலில் 20க்கு மேல் தொலைவது நூறு ஆண்டில் ஓர் ஆண்டு நடக்கும் அளவுக்கு அரிது.

மாதம் 20 பார்சல் மட்டும் அனுப்புபவருக்கு இதே கணக்கு இத்தனை இதமாக இருக்காது. ஆண்டுக்கு 240 பார்சல், ரூ.3,600, அதாவது நான்கு பார்சலுக்கான பணம். ஐந்தோ அதற்கு மேலோ தொலைவது பத்து ஆண்டில் ஓர் ஆண்டு வரலாம். ஆகவே சின்ன வியாபாரிக்குத் தொடக்கப் பணம் வேண்டும். மூன்று பார்சலின் இழப்புக்கு ஈடான ரூ.2,700ஐ முதல் நாளே அந்தக் கணக்கில் போட்டுவிட்டால், ஏழு பார்சல்வரை தாங்கும். அதற்கு மேல் போவது ஆயிரத்தில் மூன்று நான்கு ஆண்டுகளில்தான். சொந்தக் காப்பு பெரிய கம்பெனிகளுக்கு மட்டும்தான் என்பவர்களுக்கு இதுவே பதில். சிறியவருக்கும் அது முடியும். தொடக்கத்தில் கொஞ்சம் கூடுதல் கையிருப்பு வேண்டும், அவ்வளவே.

“கேட்டவுடன் கொடுத்தால் எல்லோரும் ‘வரவில்லை’ என்பார்கள்”

ஏமாற்றுகிறவர்கள் உண்டு. அதை மறுக்கவில்லை. ஆனால் அவர்களைத் தடுக்கும் இடம் பார்சல் கட்டும் மேசை. பருப்பை வேக்குவம் பாக் செய்து பெட்டியில் வைக்கும்போதே, முகவரிச் சீட்டும் எடை மெஷினின் எண்ணும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு வீடியோ எடுக்க வேண்டும். டேப் ஒட்டி முடித்தபின் மொத்த எடை 1,140 கிராம் என்றால், கூரியர் ரசீதிலும் அதே எடை விழுகிறதா என்று கவுன்டரில் நின்று பார்க்க வேண்டும். வழியில் பிரித்துப் பாதியை எடுத்திருந்தால், கடைசி ஹப்பில் பதிவாகும் எடை காட்டிக்கொடுத்துவிடும். விலை கூடிய பார்சலுக்கு ஓ.டி.பி. சொன்னால்தான் டெலிவரி என்ற வசதியைக் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டு வகைப் புகாரைப் பிரித்துப் பார்க்கவும் தெரிய வேண்டும். டிராக்கிங்கில் ‘இன் டிரான்சிட்’ என்று பத்து நாளாக ஒரே ஹப்பில் நிற்கும் பார்சலுக்கு விசாரணையே வேண்டாம். அன்றே மறு பார்சல் அனுப்பிவிட்டு, கூரியரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். ‘டெலிவர்டு’ என்று காட்டியும் வரவில்லை என்பவரிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டு, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள் என்று கூரியரிடம் கேட்பது நியாயம். ஒரே முகவரியிலிருந்து இரண்டாவது முறையும் அதே புகார் வந்தால் அப்போது சந்தேகப்படலாம். முதல் முறை கேட்பவரைத் திருடர்போல் நடத்தினால், நேர்மையாக வாங்கிய நூறு பேரை இழந்துவிடுவோம். ரூ.900 கொடுத்து ஒரு வாடிக்கையாளரைக் காப்பாற்றுவது, புதிதாக ஒருவரைத் தேடிப் பிடிப்பதைவிட மலிவு.

கூடவே ஒரு நோட்டும் வேண்டும். தொலைந்த தேதி, பின்கோடு, எந்தக் கூரியர், எந்த ஹப்பில் நின்றது என்று எழுதிவந்தால், ஓர் ஆண்டில் எந்த வழி கசிகிறது என்று தெரிந்துவிடும். கூரியரை மாற்ற வேண்டுமா, பெட்டியை மாற்ற வேண்டுமா என்பதை அந்த நோட்டு சொல்லும்.

“நிதி இருக்கிறதே, இனி இன்சூரன்ஸே வேண்டாம்”

சொந்தக் காப்பை ஏற்றுக்கொண்டவர்களிடம் பிறக்கும் இந்த நம்பிக்கையும் ஆபத்தானது. அந்த நிதி தாங்குவது ஒன்றிரண்டாக, தனித்தனியாகத் தொலையும் பார்சல்களை. கடலூர்க் கரையில் எல்லாமே ஒரே நாளில் போகும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் பண்ருட்டி வட்டாரத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் புகுந்தது. அப்படி ஒரு நாளில் ஹப்பில் தண்ணீர் ஏறினால், அங்கே கிடக்கும் நாற்பது பார்சலும் சேர்ந்தே போகும். இயற்கைச் சீற்றத்தால் வந்த இழப்புக்கு 2007 சட்டப்படி கூரியரும் பொறுப்பேற்காது. அந்த வாடகையின் பத்து மடங்கும் அப்போது கிடைக்காது.

ஆகவே எல்லை போட்டுக்கொள்ள வேண்டும். நிதியின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மதிப்புள்ள எந்தப் பார்சலும் இன்சூரன்ஸ் இல்லாமல் போகக் கூடாது. வீட்டில் இருப்பு வைத்திருக்கும் சரக்குக்குத் தீ, வெள்ளக் காப்பீடு தனியாக வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வானிலை மையம் எச்சரிக்கை விட்ட நாட்களில் பார்சலைக் கவுன்டரில் தள்ளிவிட்டு வராமல், ‘மழை விட்டதும் அனுப்புகிறேன்’ என்று வாங்கியவரிடம் சொல்லிவிடலாம். காரணம் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சிறு வியாபாரியின் லாபம் மெலிந்தது, அதில் இன்னும் ரூ.15 போனால் எப்படி என்று கேட்பவர்களின் கவலை உண்மையானது. ஆனால் அந்த ரூ.15 இன்றும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. சண்டையாக, மோசமான மதிப்பீடாக, திரும்பி வராத வாடிக்கையாளராகப் போகிறது. அதை விலையில் வெளிப்படையாகச் சேர்த்து, “தொலைந்தால் நான் பொறுப்பு” என்று பில்லிலேயே அச்சிடுங்கள். பெரிய தளங்கள் விலையில் நம்மை வெல்லலாம். இந்த ஒரு வரியை எழுதி, எழுதியபடி நடப்பதில் அவர்களுக்கு இணையாக நிற்க, செம்மங்குப்பத்து வீட்டு வியாபாரிக்கும் ஒரு தனி வங்கிக் கணக்கும் ஒரு நோட்டும் போதும்.