நாடகத்திற்கு முன் ஒரு சிற்றுண்டி

சென்ற மாதம் எம் இல்லத்திற்கு வந்திருந்த இளந்தம்பதியர், தம் திருமண நாளன்று மாலை சென்னையில் சபா நாடகம் ஒன்றைக் காணச் செல்லவிருப்பதாகக் கூறினர். அதற்கு முன் ஓட்டலில் ஆற அமர இருந்து உண்ண வேண்டும் என்பது அப்பெண்ணின் விருப்பம். "எத்தனை மணிக்குப் புறப்பட்டால் சரியாக இருக்கும், ஐயா?" என்று கணவர் கேட்டார். சிறிய கேள்விதான். ஆயினும் என்னால் சுருக்கமாக விடை கூற இயலவில்லை.

நம் பாட்டன்மார் காலத்தில் இக்கேள்விக்கே இடமிருந்திராது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து நாடகங்கள் ஊர் உண்டு முடித்த பின்னர்த் தொடங்கி, நள்ளிரவையும் கடந்து நடந்தன. வீட்டில் வயிறார உண்டு, பிள்ளைகளையும் பாயையும் சுமந்துகொண்டு போவதே வழக்கம். சென்னையில் சபாக்கள் பெருகிய காலத்தில் நிலைமை மாறிற்று. பார்க்க வந்தோர் அலுவலகங்களில் பணிபுரிவோர். நடித்தவர்களிலும் பலர் அத்தகையோரே. கே. பாலசந்தர் அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்தார். நாகேஷ் இரயில்வே ஊழியர். மறுநாட் காலை பணிக்குச் செல்ல வேண்டியவர்கள் விடிய விடிய நடிப்பதும் பார்ப்பதும் எங்ஙனம் கூடும்? ஆகவே நாடகம் மாலைப் பொழுதிற்கு இறங்கி வந்தது. பகலுணவு செரித்துவிட்டிருக்கும், இரவுணவிற்கோ நேரமாகியிராது. அந்த இடைவெளியில் வந்து அமர்ந்ததே ஓட்டல் சிற்றுண்டி.

கதீட்ரல் சாலையில் 1962-இல் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் தொடங்கப்பட்ட பின்னர், காரை விட்டு இறங்காமலே உண்டுவிட்டு அருகிலிருந்த மயிலாப்பூர், ஆழ்வார்ப்பேட்டைச் சபாக்களுக்குச் செல்லவும் வழி பிறந்தது. கார் இல்லாத எம் போன்றோருக்கு உள்ளே மேசைகளும் இருந்தன. 2008-இல் அது மூடப்பட்டது. அவ்விடத்தில் 2010 முதல் செம்மொழிப் பூங்கா இருக்கிறது. மரங்களைக் காண மகிழ்ச்சியே. எனினும் அவ்வழியே செல்லும்போதெல்லாம் காபி மணத்தை என் மூக்கு தேடுகிறது.

ஜப்பானியர் தம் கபுகி நாடகத்திற்கு நடுவே, திரை விழுந்திருக்கும் வேளையில் பெட்டியில் அடைத்த சோற்றை உண்பர். அந்த உணவிற்கே "திரைகளுக்கு நடுவே" என்று பொருள்படும் பெயர் உண்டு. நமக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. உண்டுவிட்டே போக வேண்டும்.

அத்தம்பதியர்க்கு நான் முதலிற் கூறியது இது: ஆறரை மணிக்கு நாடகமென்றால் ஐந்து மணிக்கே மேசை முன் அமருங்கள். நேரம் குறைவாயிருந்தால் இட்லி, வடை, பொங்கல் என ஆயத்தமாக இருப்பவற்றையே கேளுங்கள். பூரியும் கிழங்கும் ஒரு தட்டிற்கு மேல் வேண்டா. அவ்வாறு உண்டு வந்த பெரியவர் ஒருவரது குறட்டை, மேடையிற் கதாநாயகி அழுத அழுகையோடு போட்டியிட்டதை நான் அடுத்த இருக்கையிலிருந்து கேட்டிருக்கிறேன். மேலும், எக்காரணம் கொண்டும் கடைசி நேரத்தில் ரவா தோசை கேளாதீர்கள்.

"ரவா தோசைமீது உங்களுக்கு என்ன கோபம்?" என்று அப்பெண் சிரித்தாள். கோபமில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. "சர்வர் சுந்தரம்" 1964-இல் திரைப்படமாக வெளிவருவதற்கு முன்னர், பாலசந்தரின் மேடை நாடகமாக நடிக்கப்பட்டு வந்த காலம். நாகேஷ் நடிக்கிறார் என்பதற்காகவே தந்தையார் மூன்று சீட்டுகள் வாங்கி வந்தார். அம்மா காலையிலிருந்தே மகிழ்ச்சியாக இருந்தார். அம்மகிழ்ச்சி நாடகத்தைப் பற்றியது மட்டுமன்று என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிய பின்னர், அடுப்படியில் நின்றவாறே எஞ்சியதை உண்பவர் அவர். அன்று அவர் நாற்காலியில் அமர்ந்திருக்க, பிறரொருவர் அவருக்குப் பரிமாறப் போகிறார்.

பேருந்து தாமதமாகி, நாங்கள் ஓட்டலை அடைந்தபோது ஆறு மணிக்குப் பத்து நிமிடமே இருந்தது. தந்தையாரும் நானும் இட்லி கேட்டோம். "உனக்கு?" என்று தந்தையார் கேட்க, அம்மா சற்றுத் தயங்கி, "ரவா தோசை" என்றார். அவர் தமக்கென ஒன்றை வாய்விட்டுக் கேட்டு நான் கண்டது அதுவே முதன்முறை.

இட்லி உடனே வந்தது, தோசை வரவில்லை. ரவா தோசைக்கு மாவை மோர் போல் நீர்க்கக் கரைத்துக் கல்லின்மீது வீசித் தெளிக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. கண் கண்ணாக விழுந்த இடமெல்லாம் மெல்லிய தீயில் நின்று முறுகும் வரை காத்திருக்க வேண்டும். தீயை ஏற்றினால் கருகும். இறக்கினால் வெந்த கூழாகும். சரக்கு மாஸ்டரே வந்து நின்றாலும் அதை விரைவுபடுத்த இயலாது. இதில் சர்வர் செய்யக் கூடியது ஒன்றுமில்லை. இருபது வயதுகூட நிரம்பாத அந்த இளைஞர் இருமுறை உள்ளே சென்று பார்த்து வந்து, "இதோ ஆயிற்று, சார்" என்றார்.

ஆறு இருபதுக்குத் தோசை வந்தது. தந்தையார் எழுந்து நின்றுவிட்டார். "மனிதர்களுக்கு வேறு வேலை கிடையாதென்று நினைத்தாயா? தட்டைத் தூக்கத்தான் தெரியும் உனக்கு!" என்று கூடம் முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். அந்த இளைஞர் ஒன்றும் பேசவில்லை. தோசையை மேசைமீது வைத்துவிட்டு, சிந்தாத தண்ணீரைத் துடைப்பதுபோல் மேசையைத் துடைத்தார். தந்தையார் பணத்தைக் கல்லாவில் எறியாத குறையாகக் கொடுத்தார். அம்மா ஓரத்தில் ஒரு விள்ளல்கூடக் கிள்ளாமல் எழுந்தார்.

நாடகத்திற்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். மேடையில் ஒரு சர்வர். கையில் தட்டுகளோடு அவர் வந்து நின்றதும் அரங்கம் அதிரச் சிரித்தது. பிறகு அவருடைய ஏமாற்றங்களைக் கண்டு அதே அரங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. எங்களுக்கு முன்னும் பின்னும் கைக்குட்டைகள் வெளிவந்தன. தந்தையார் சிரிக்கவுமில்லை, கைக்குட்டையை எடுக்கவுமில்லை. இருக்கையின் கைப்பிடியைப் பற்றியவாறே இறுதிவரை இருந்தார். அம்மா அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் பேருந்து நிறுத்தத்திற்குப் போகாமல், தந்தையார் எதிர்த்திசையில் நடந்தார். "எங்கே போகிறீர்கள்?" என்று அம்மா கேட்கவில்லை. நான்தான் கேட்டேன், விடை வரவில்லை.

ஓட்டலில் பாதி விளக்குகளை அணைத்திருந்தனர். நாற்காலிகளை மேசைமீது கவிழ்த்துக்கொண்டிருந்த அந்த இளைஞர் எங்களைக் கண்டதும் விறைத்து நின்றார். தந்தையார் அதே மேசையில் அமர்ந்தார்.

"ரவா தோசை கிடைக்குமா, தம்பி?"

"அடுப்பை அணைத்துவிட்டார்கள், சார். காபி மட்டும் இருக்கும்."

காபி வந்தது. அவர் முதலில் அம்மாவின் முன் வைத்துவிட்டு, "நாடகத்திற்கு நேரத்தோடு போய்விட்டீர்களா, அம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

"போய்விட்டோமப்பா. நீ சாப்பிட்டாயா?" என்றார் அம்மா.

"இனிமேல்தான், அம்மா."

தந்தையார் தலை நிமிராமல், ஆறிப்போன காபியை டபராவிற்கும் தம்ளருக்குமாக மாற்றி மாற்றி ஆற்றிக்கொண்டிருந்தார்.