இரவில் வலையைச் செருகிவிடுவது யார்?



நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ முறை திருப்பலியில் கேட்டிருக்கின்றோம். குருவும் லேவியரும் விலகிச் சென்றதைப் பற்றியும், சமாரியர் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டியதைப் பற்றியும் மறையுரைகளில் நிறையவே பேசப்படுகின்றது. (முதலில் விலகிச் சென்றவரைப் பற்றிக் குருக்களாகிய நாங்கள் சற்று விரைவாகவே பேசி முடித்துவிடுவதும் உண்டு.) ஆனால் லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் பெரும்பாலும் நம் கண்ணிற் படாத ஒரு செய்தி இருக்கின்றது. காயமுற்றவரைச் சாவடியிற் சேர்த்ததும் சமாரியர் புறப்பட்டுவிடவில்லை. அங்கே தங்கி அவரைக் கவனித்துக்கொள்கின்றார். சாவடிப் பொறுப்பாளரின் கையில் இரண்டு தெனாரியத்தைக் கொடுப்பது மறுநாளில்தான். இடையில் ஓர் இரவு இருந்தது. அந்த இரவைப் பற்றி நற்செய்தியாளர் எதுவும் விரித்துரைக்கவில்லை.

அந்த இரவை எனக்கு நினைவூட்டியவர்கள் ஒட்டுசுட்டான் பகுதியில் நுளம்பு வலை தேடி அலைந்த சில இளையோர்.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில் ஒட்டுசுட்டான் இருக்கின்றது. தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தாலும் அருகிலுள்ள முத்தையன்கட்டுக் குளத்தாலும் அறியப்பட்ட ஊர். சுற்றிலும் வயலும் காடும். கிராமங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறிக் கிடக்கின்றன. ஆகவே பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்ப விரும்பும் பெற்றோர் பலருக்கு விடுதியை விட்டால் வேறு வழியில்லை. போரில் தந்தையையோ தாயையோ இழந்த குடும்பங்களுக்கும், பிழைப்புக்காக வெளிநாடு சென்ற தாய்மாரின் குடும்பங்களுக்கும் இது இன்னும் பொருந்தும்.

அத்தகைய விடுதி ஒன்றின் பிள்ளைகளுக்கு வலை வாங்கிக் கொடுக்கப் பணம் சேர்க்கப் போவதாக அந்த இளையோர் என்னிடம் வந்து கூறினர். நல்லது என்றேன். "கட்டிலின் நீளம் எவ்வளவு?" என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அடுத்த சனிக்கிழமை அளவுநாடாவுடன் சென்று பார்த்தனர். அங்கே அவர்கள் கண்டது வியப்புக்குரியது. விடுதியின் அலுமாரிக்குள் வலைகள் ஏற்கெனவே இருந்தன! முன்பு யாரோ நன்கொடையாளர் கொண்டுவந்து, பிள்ளைகளின் கையிற் கொடுத்து, படமும் பிடித்துச் சென்றவை. மேலே ஒற்றைக் கொக்கியில் தொங்கவிடும் வட்ட வலைகள் அவை. பிள்ளைகள் உறங்குவதோ மேலும் கீழுமாக அடுக்கிய கட்டில்களில். மேற்கட்டிலில் தொங்கவிட்டால் கீழே உறங்கும் பிள்ளைக்கு வலை இல்லை. கூரையின் வளைமரமோ எட்டாத உயரத்தில். பொறுப்பாக இருந்த அருட்சகோதரி எவரையும் குறை கூறவில்லை. "கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்" என்றார், அவ்வளவுதான்.

ஆகவே அந்த இளையோர் முதலில் வாங்கியது வலை அல்ல, கம்பியும் ஆணியும் நாடாவும்தான். சுவருக்குச் சுவர் கம்பி இழுத்தனர். மேற்கட்டிலின் சட்டத்தில் நாடாவைக் கட்டிக் கீழ்க்கட்டிலுக்குச் சதுர வலை பொருத்தினர். வட்ட வலைகளைத் தனிக்கட்டில் உள்ள சிறு பிள்ளைகளுக்கு மாற்றினர். அதன் பின்பே, குறைந்த வலைகள் எத்தனை, எந்த அளவு என்று எழுதி எடுத்துக்கொண்டு வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் கடைகடையாக ஏறி இறங்கினர். இந்தப் பட்டியலைப் பார்த்தபின் பணம் தருவோர் கூடினரே தவிரக் குறையவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

வன்னி மண்ணுக்கு வலை என்பது வெறும் வசதிப்பொருள் அன்று. 1934-35 இல் இலங்கையைத் தாக்கிய மலேரியாவில் சுமார் 80,000 பேர் மாண்டனர். ஈரவலயத்து மக்களையே அது பெரிதும் வாரிக்கொண்டு சென்றது. உலர்வலயமாகிய வன்னிக்கோ மலேரியா ஆண்டுதோறும் வரும் விருந்தாளி. அந்நாளில் சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கொயினாவும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர். அவர்களிற் பலர் சமயத்தின் பெயரால் சென்றவர்கள் அல்லர். உவமையில் வரும் சமாரியரும் எருசலேம் ஆலயத்தைச் சேர்ந்தவர் அல்லரே! பின்னர் டீ.டீ.ரீ. தெளிக்கப்பட்டு, 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளிகளே பதிவாயினர். நோய் ஒழிந்துவிட்டது என்றெண்ணித் தெளிப்பதை நிறுத்தினோம். 1968-69 இல் அது ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிக்கொண்டது. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு வன்னிக்கு வந்து மரநிழலிலும் தறப்பாளின் கீழும் தங்கிய குடும்பங்களுக்கு அந்தக் காய்ச்சல் எப்படி இருந்தது என்பதை, இதை வாசிப்பவர்களிற் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்த நோய் இன்று இங்கில்லை. இலங்கையில் உள்நாட்டிலேயே தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் கண்டறியப்பட்டார். 2016 செப்ரெம்பர் 5 ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. போர் நடந்த ஆண்டுகளிலும் இரு பக்கத்திலும் இரத்தப் பரிசோதனை செய்தும், மருந்து தெளித்தும், வலை கொடுத்தும் உழைத்தவர்கள் இதற்குப் பின்னால் இருக்கின்றனர். வலையின் ஆற்றலை உலகமும் கண்டிருக்கின்றது. 2000 முதல் 2015 வரை ஆபிரிக்காவில் தவிர்க்கப்பட்ட மலேரியாத் தொற்றுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, மருந்தூட்டிய வலைகளினாலேயே தவிர்க்கப்பட்டன.

அப்படியானால் இப்போது வலை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மலேரியாக் கிருமிதான் போயிற்று. அதைப் பரப்பும் நுளம்பு போகவில்லை. வற்றும் ஆற்றின் குழிகளில் அது இன்றும் பெருகுகின்றது. வெளிநாட்டிலிருந்து கிருமியோடு திரும்புவோரும் ஆண்டுதோறும் உள்ளனர். இவற்றையெல்லாம் விட எளிய காரணமும் ஒன்றுண்டு: இரவு முழுவதும் சொறிந்துகொண்டு விழித்திருந்த பிள்ளை காலையில் கணக்குப் பாடத்தில் தூங்கி விழும்.

எனினும் ஒன்றை மறைக்கக் கூடாது. இன்று நம்மை அச்சுறுத்தும் டெங்குவுக்கு இரவு வலை மட்டும் போதாது. அந்த நுளம்பு பகலிலேயே, சிறப்பாகக் காலையிலும் மாலையிலும் கடிக்கின்றது. 2017 இல் மட்டும் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. நானூறுக்கும் அதிகமானோர் இறந்தனர். ஆகவே வலை கட்டச் சென்றவர்கள் விடுதியின் கூரைப் பீலியையும் பார்த்தனர். இலைகள் அடைத்து நீர் தேங்கியிருந்தது. பின்புறத்தில் பழைய ரயர் இரண்டும், சிரட்டைகளும், யோகட் கோப்பைகளும். அவற்றைப் பொறுக்கும் வேலையை எவரும் படம் பிடிக்கவில்லை.

மருந்தூட்டிய வலையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் தவறு நேர்கின்றது. பொதியிலிருந்து எடுத்தவுடன் கட்டாமல் ஒரு நாள் நிழலில் விரித்து வைக்க வேண்டும். இல்லையேல் பிள்ளைகளின் முகமும் கண்ணும் எரியும். கழுவும்போது மென்மையான சவர்க்காரமே போதும். வெயிலில் காய்ச்சினால் மருந்து கெடும். நன்றாகப் பேணினால் இருபது கழுவல் வரை, ஏறக்குறைய மூன்று ஆண்டு பயன்தரும். கிழிந்த இடத்தை அன்றைக்கே தைத்துவிட வேண்டும்.

இத்தனையும் செய்து முடித்த பின்னரும் ஒரு வேலை மிஞ்சுகின்றது. வீட்டில் என்றால் அம்மா வந்து, வலைக்குள் நுளம்பு இருக்கிறதா என்று பார்த்து, பாயின் அடியில் நாற்புறமும் செருகிவிட்டுப் போவாள். பாதி உறக்கத்தில் நாம் அதை அறிந்திருப்போம். விடுதியில் ஆறு வயதுப் பிள்ளைக்கு அதை யார் செய்வார்? கால் ஒருமுறை உதறினால் வலை வெளியே வந்துவிடும். அருட்சகோதரியிடம் கேட்டபோது, உயர்வகுப்பு மாணவியர் ஒவ்வொருவருக்கும் இரண்டு சிறுவர் என்று பிரித்துக் கொடுத்திருப்பதாகவும், இரவுச் செபம் முடிந்ததும் அவர்கள் செருகிவிட, பத்து மணிக்குத் தாம் ரோர்ச்சுடன் ஒரு சுற்று வருவதாகவும் கூறினார். "நடுச்சாமத்திலும் ஒருக்கால் எழும்புவன் ஃபாதர்" என்று சற்றுக் கூச்சத்துடன் சேர்த்துக்கொண்டார்.

சாவடியில் கழிந்த அந்த இரவுக்கு நான் திரும்பவும் வருகின்றேன். நன்கொடை கொடுப்போர் பெரும்பாலும் மறுநாட் காலையின் இரண்டு தெனாரியத்தோடுதான் வந்து சேர்கின்றோம். அதுவும் வேண்டியதே, சாவடிக்குச் செலவு உண்டு. ஆனால் இரவில் விழித்திருந்தவரிடம் என்ன தேவை என்று கேளாமற் கொடுப்பது, அலுமாரிக்குள் போய் முடிகின்றது. சமாரியர் மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்லிச் செல்கின்றார். திரும்பி வரும் எண்ணத்தோடு சென்றவர் அவர்.

நம் பங்குகளில் திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் விடுதிகளுக்குப் பொருள் சேர்க்கும் வழக்கம் உண்டு. இம்முறை உங்கள் அன்பியத்தில் அதைப் பேசும்போது, பணம் சேர்க்க முன்னர் ஒருவரை அளவுநாடாவுடன் அங்கு அனுப்புங்கள். கட்டில்களை அவர் எண்ணட்டும். கூரை உயரத்தைப் பார்க்கட்டும். இரவில் சுற்றி வருபவருடன் அரை மணி நேரம் இருந்து பேசட்டும். மாரிமழைக்கு முன்னரே இது நடந்தால் நல்லது.

அந்த இளையோர் மூன்று மாதங்களின் பின் மீண்டும் ஒட்டுசுட்டானுக்குப் போக நாள் குறித்திருக்கின்றனர். இம்முறை அவர்கள் எடுத்துச் செல்வது ஊசியும் வெள்ளை நூலும், பீலியைத் துப்புரவு செய்ய ஓர் ஏணியும்.