ஒட்டாது ஸார்!

எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்தவர் மேல் கதிர்வீச்சு ஒட்டிக்கொண்டிருக்கும், பக்கத்தில் உட்காராதே என்கிறார் எங்கள் காம்பவுண்டில் ஒருவர். ஒட்டாது ஸார்! டார்ச் அடித்த சுவர் ராத்திரி பூரா எரிகிறதா என்ன?

ஒரு சாதாரணப் பொருள் தானே கதிர் வீச வேண்டுமானால், அதன் அணுக்கருவிலேயே கை வைக்க வேண்டும். அதற்குத் தோதான ஆள் நியூட்ரான். மின்னேற்றம் கிடையாது, ஆகவே கருவின் வாசலில் யாரும் தடுப்பதில்லை. உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால், பல கருக்கள் நிலைகுலைந்து கதிர்களைத் துப்ப ஆரம்பிக்கும்.

1934-ல் ரோமில் என்ரிகோ ஃபெர்மி இதைத்தான் செய்து பார்த்தார். ஹைட்ரஜனில் ஆரம்பித்து ஒவ்வொரு தனிமமாக. முதல் சிலது மசியவில்லை. ஃப்ளூரின் வந்ததும் கருவி 'டிக்' என்றது. இதில் ஒரு தமாஷ்: கதிரை அளக்கும் கருவி தாழ்வாரத்தின் அந்தக் கோடியில். சில பொருள்களின் கதிரியக்கம் நிமிஷத்தில் அடங்கிவிடும். எனவே பிற்காலத்தில் நோபல் பரிசு (1938) வாங்கப்போகிறவர், கையில் சாம்பிளோடு தலைதெறிக்க ஓடினார்!

எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதற்குத்தான் 'அரை ஆயுள்' கணக்கு. பி.காம். படித்தவர்களுக்குச் சுலபம்: தேய்மானத்தில் 'ரிட்டன் டவுன் வால்யூ' முறை. பாதி, அதில் பாதி, அதிலும் பாதி... பூஜ்யமே வராது. வெள்ளியில் ஒரு வகைக்கு 24 விநாடிதான். கோபால்ட்டுக்கு அப்படியில்லை. சாதுவான கோபால்ட்டை அணு உலைக்குள் வைத்தால் கோபால்ட்-60 ஆகிவிடும். அரை ஆயுள் 5.27 வருஷம். புற்றுநோய்க்கு வைத்தியம் செய்ததும் அதுதான்.

டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இந்தக் கோபால்ட் உள்ள ஒரு கருவி 1985-லிருந்து சும்மா கிடந்தது. 2010-ல் ஏலத்தில் பழைய இரும்போடு இரும்பாகப் போய், மாயாபுரி காயலான் கடைகளில் உடைபட்டது. அந்த 25 வருஷத்தில் நாலு தடவைக்கு மேல் பாதியாகியும் வீரியம் போகவில்லை. கடைக்காரர் ஒருவர் ஒரு துண்டை பர்ஸில் வைத்துக்கொண்டார். வாசனை இல்லை, சுடவில்லை, எப்படித் தெரியும்? பலர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். ஒரு தொழிலாளி இறந்தே போனார்.

கோபால்ட் துண்டு கூட இல்லாதபோது அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. கடையின் மற்ற இரும்பும் கோபால்ட்டாக மாறவில்லை. துண்டுகளைத் தேடிப் பொறுக்கி, ஈயக் கவசத்துக்குள் வைத்து நரோரா அணுமின் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த பர்ஸிலிருந்ததையும் சேர்த்து.