ஏட்டுச் சுரைக்காயும் எளியோர் உரிமையும்

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது நம் முன்னோர் மொழி. சட்டங்களைப் பற்றியும் சாசனங்களைப் பற்றியும் பேச்சு எழும் இடங்களில் இப்பழமொழி தவறாமல் வந்து நிற்பதைக் காண்கிறோம். தாளில் எழுதிவைத்த உரிமையால் ஏழையின் வீட்டில் உலை கொதிக்குமா என்று கேட்போர் பலர். அவர்கள் தம் வாதத்திற்குச் சான்று தேடினால், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தொடக்ககால ஆவணங்களைவிடப் பொருத்தமானவை கிடைப்பது அரிது. மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்று 1776-இல் எழுதிய தாமஸ் ஜெஃபர்சன், தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர்.

அந்த விடுதலைப் பிரகடனம் 250 ஆண்டுகளை எட்டும் ஆண்டு 2026. விழா எடுப்போர் அதனைக் குறையற்ற ஏடாகப் போற்றுவர். வெறுப்போர் வஞ்சகர் எழுதிய எழுத்தென ஒதுக்குவர். இவ்விரு சாராரும் அவ்வாவணங்களை முழுமையாகப் படித்தவர் அல்லர் என்பதே என் கருத்து. ஒரு நாட்டின் மூல ஆவணம் அதனை எழுதியவர்களுக்கு மட்டும் உரியதன்று. அதில் இடம் மறுக்கப்பட்டவர்கள் அதனைப் படித்து, ‘இச்சொல் எனக்கும் உரியதே’ என்று வாதாடத் தொடங்கும்போதுதான் அது உயிர் பெறுகிறது. இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

நான்கு ஏடுகள்

மாணவர் நினைவிற்கொள்ள வேண்டிய ஆவணங்கள் நான்கு. முதலாவது, பதின்மூன்று குடியேற்றங்களின் பேராளர்கள் ஃபிலடெல்ஃபியா நகரில் கூடி 1776 ஜூலை 4-ஆம் நாள் ஏற்றுக்கொண்ட விடுதலைப் பிரகடனம். இரண்டாவது, 1777-இல் வரையப்பெற்று 1781-இல் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகள். இவ்விதிகள் நடுவணரசுக்கு வரி விதிக்கும் அதிகாரத்தை அளிக்கவில்லை. அவற்றைத் திருத்துவதற்குப் பதின்மூன்று மாநிலங்களும் ஒருமனதாக இசைய வேண்டியிருந்தது. அதனால் அரசு நலிந்தது. மூன்றாவது, அந்நலிவைப் போக்க 1787 மே முதல் செப்டம்பர் வரை நடந்த மாநாட்டில் உருவான அரசியலமைப்பு. மாநாட்டில் கலந்துகொண்ட பேராளர் 55 பேர். ஒப்பமிட்டோர் 39 பேர். மக்களின் உரிமைகள் அதில் பட்டியலிடப்படவில்லை என்பதைக் குறையாகக் காட்டி, ஒப்பமிட மறுத்தவருள் ஒருவர் ஜார்ஜ் மேசன். அக்குறையை நீக்கவே 1791 டிசம்பர் 15-இல் பத்துத் திருத்தங்கள் நிறைவேறின. சமயம், பேச்சு, எழுத்து, கூட்டம், முறையீடு ஆகியவற்றின் உரிமையைக் காக்கும் இவ்வுரிமைகள் சாசனமே நான்காவது.

அடித்து நீக்கிய வரிகள்

பழஞ்சுவடிகளைப் பதிப்பிக்கும் அறிஞர்கள் மூலத்தை மட்டும் பார்ப்பதில்லை. பாடபேதங்களையும் ஒப்பு நோக்குவர். அம்முறை இங்கும் வேண்டும். ஜெஃபர்சனின் முதல் வரைவில், ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து வந்து விற்கும் வாணிகத்தைக் கண்டித்து, அப்பழியை இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின்மீது சுமத்தும் ஒரு நீண்ட பகுதி இருந்தது. பேராளர்கள் அதனை நீக்கிவிட்டனர். தென் கரோலினா, ஜார்ஜியா ஆகியவற்றின் மனத்தை நோகச் செய்யாதிருக்கவே அவ்வாறு செய்யப்பட்டதாகவும், அடிமைகளைக் கப்பலேற்றிப் பொருளீட்டிய வடபகுதியினரும் அதனால் கூச்சமுற்றதாகவும் ஜெஃபர்சன் பின்னர் எழுதினார். நீக்கப்பட்ட பகுதியைப் படிப்பவன், உண்மை அவர்களுக்குத் தெரியாமலில்லை என்பதை உணர்வான். அறியாமையால் நேர்ந்த விடுபாடன்று அது. பேரம் பேசி விட்ட இடைவெளி.

இடக்கரடக்கல்

நம் இலக்கணத்தில் தகுதி வழக்கு மூவகைப்படும் என்பதை மாணவர் அறிவர். அவையோர் முன் சொல்லக் கூசும் சொல்லை மறைத்து வேறு சொல்லால் உரைப்பது இடக்கரடக்கல். 1787-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு முழுவதையும் தேடினாலும் ‘அடிமை’ என்னும் சொல் கிடைக்காது. ஆனால் அடிமை முறையைக் காக்கும் விதிகள் மூன்று அதில் உண்டு. மாநிலங்களின் பேராளர் எண்ணிக்கையைக் கணக்கிடுகையில், ‘ஏனைய ஆட்கள்’ என்ற பெயரில் அடிமைகளின் தொகையில் ஐந்தில் மூன்று பங்கு சேர்க்கப்பட்டது. வாக்கில்லாத அம்மக்களின் பெயரால் அவர்களை ஆண்டோர்க்கே இடங்கள் கூடின. தப்பியோடியவர்களை ‘வேலை செய்யக் கடமைப்பட்டவர்’ என்று சுட்டி, அவர்களைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்றது மற்றொரு விதி. ‘மாநிலங்கள் அனுமதிக்கக் கருதும் ஆட்கள்’ வந்திறங்குவதை 1808-ஆம் ஆண்டுக்கு முன் தடை செய்யலாகாது என்றது மூன்றாவது விதி. மனிதரில் சொத்துரிமை உண்டு என்னும் கருத்தை இவ்வேட்டில் ஒப்புக்கொள்வது தவறு என ஜேம்ஸ் மேடிசன் மாநாட்டிலேயே கூறினார். கருத்தை ஒப்பவில்லை, செயலை ஒப்பினர். 1790-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் வாழ்ந்த சுமார் 39 இலட்சம் பேரில் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் அடிமைகள்.

வட கரோலினாவில் ஒரு வாதம்

அவ்வேட்டில் நன்மையும் இருந்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. அரசுப் பதவி எதற்கும் சமயத் தகுதி கோரப்படலாகாது என்று அதன் ஆறாம் பிரிவு விதித்தது. 1786-இல் வர்ஜீனியாவில் நிறைவேறிய சமய உரிமைச் சட்டமும் ஜெஃபர்சன் வரைந்ததே. அதன் காப்பு யூதர், கிறித்தவர், முஸ்லிம், இந்து என எல்லார்க்கும் உரியது என்று பிற்காலத்தில் அவரே விளக்கினார்.

1788-இல் வட கரோலினாவில் கூடிய மாநாட்டில் அந்த ஆறாம் பிரிவின்மீது கடும் வாதம் எழுந்தது. இவ்விதியால் ஒரு முஸ்லிம்கூட நாட்டின் தலைவராகிவிடலாமே என்று சிலர் அஞ்சினர். ஒரு சாராரை மட்டும் விலக்கினால் சமய உரிமை என்னும் கொள்கையே அழிந்துபோகும் என்று ஜேம்ஸ் ஐரடெல் விடையளித்தார். எங்கோ இருக்கக்கூடிய ஒரு முஸ்லிமைக் கற்பனை செய்து அவர்கள் வாதிட்டனர். அந்நாட்டுத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்கர்களுள் முஸ்லிம்களும் இருந்தனர் என்பதை அந்த வாதம் எண்ணிப் பார்க்கவில்லை.

அதே வட கரோலினாவில் பின்னாளில் வாழ்ந்தவர் உமர் இப்னு சயீத். இன்றைய செனகல் நாட்டுப் பகுதியில் பல்லாண்டுகள் கல்வி கற்ற அவர், பிடிக்கப்பட்டு 1807-இல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டார். 1808 வரை தடையில்லை என்று விட்டுவைத்த விதியின் இறுதி ஆண்டு அது. ஏட்டில் எழுதிய ஓர் ஆண்டுக்கணக்கு ஒரு மனிதரின் வாழ்நாளை விழுங்கிற்று. 1831-இல் அவர் தம் வரலாற்றை அரபு மொழியில் எழுதினார். ஆட்சி முழுவதும் இறைவன் கையிலேயே உள்ளது என்று உரைக்கும் ‘அல்முல்க்’ அத்தியாயத்தை நினைவிலிருந்து எழுதியே அதனைத் தொடங்கினார். இறக்கும்வரை அவருக்கு விடுதலை கிட்டவில்லை. அமெரிக்காவின் மூல ஆவணங்களைத் தொகுப்போர், உமரின் ஏட்டையும் அவற்றோடு வைத்துப் படித்தல் வேண்டும் என்பேன்.

எழுதப் படிக்கத் தெரியாத வாசகி

இவ்வளவும் கேட்டபின், ‘ஏட்டுச் சுரைக்காய்தானே’ என்று சொல்லத் தோன்றும். அவ்வாறு சொல்வோர்க்கு மறுமொழியாக நிற்பவர் பெட் என்னும் பெண்மணி. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஷெஃபீல்டு என்னும் ஊரில் ஜான் ஆஷ்லி என்பவரின் வீட்டில் அவர் அடிமையாக இருந்தார். எழுதப் படிக்க அறியார். மனிதர் யாவரும் உரிமையோடும் சமமாகவும் பிறக்கின்றனர் என்று அம்மாநிலத்தின் 1780-ஆம் ஆண்டு அரசியலமைப்பு கூறியதைக் காதால் கேட்டறிந்தார். அச்சொல் தமக்கும் பொருந்தும் எனத் துணிந்து, தியடோர் செட்ஜ்விக் என்னும் வழக்கறிஞரை நாடினார். 1781-இல் நடந்த வழக்கில் பெட்டும் அவரோடு வழக்காடிய புரோம் என்பவரும் வென்றனர். முப்பது ஷில்லிங் இழப்பீடு தருமாறு ஆஷ்லிக்கு ஆணையிடப்பட்டது. அதன்பின் அவர் எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் பூண்டார். ‘ஃப்ரீமன்’ என்பதற்கு உரிமை பெற்றவர் என்பது பொருள். 1783-இல் மற்றொரு வழக்கில் தலைமை நீதிபதி வில்லியம் குஷிங், அம்மாநில அரசியலமைப்போடு அடிமை முறை ஒத்துப்போகாது என்று உரைத்தார். 1790-ஆம் ஆண்டுக் கணக்கில் மாசசூசெட்ஸில் அடிமை என ஒருவரும் பதிவாகவில்லை.

பெட் தனித்தவர் அல்லர். பிரகடனம் வெளியான ஆறே மாதங்களில், 1777 ஜனவரியில், பிரின்ஸ் ஹாலும் அவரைச் சார்ந்த கறுப்பினத்தாரும் இயற்கை உரிமை என்னும் அதே வாதத்தை எடுத்து மாசசூசெட்ஸ் மன்றத்திடம் விடுதலை கோரி விண்ணப்பித்தனர். 1791-இல் வானியல் அறிந்த பெஞ்சமின் பேன்னக்கர், ஜெஃபர்சனுக்கே மடல் எழுதி, அவர் எழுதிய பிரகடனத்தை அவருக்கே நினைவூட்டினார். எழுதியவரை எழுத்தே கேள்வி கேட்ட காட்சி இது.

உரையாசிரியர் இருவர்

மூலம் ஒன்றாயினும் உரை வேறுபடும் என்பது தமிழ் பயில்வோர்க்குப் புதிதன்று. 1857-இல் தலைமை நீதிபதி ராஜர் டானி, பிரகடனத்தின் சொற்கள் கறுப்பின மக்களைக் கருதியவை அல்ல என்றும், அவர்கள் நாட்டின் குடிமக்களாக மாட்டார் என்றும் உரை கண்டார். அடிமையாகப் பிறந்து பெரும்பாலும் தம் முயற்சியாலேயே எழுத்தறிந்த பிரெடரிக் டக்ளஸ் 1860-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் எதிர் உரை கண்டார். எழுதியவர் மனத்தில் ஒளித்துவைத்த எண்ணத்தைத் தேட வேண்டாம். ஏட்டில் உள்ள சொல்லைப் பாருங்கள். அடிமை என்ற சொல்லே அங்கு இல்லையே என்பது அவர் வாதம். கூச்சத்தால் மறைத்த சொல்லே, மறைத்தவர்க்கு எதிரான கருவியாயிற்று! 1865-இல் பதின்மூன்றாம் திருத்தம் நிறைவேறியபோதுதான் அடிமை முறை என்னும் சொல் அரசியலமைப்பில் முதன்முதலாக இடம்பெற்றது. அம்முறையை ஒழிப்பதற்காகவே இடம்பெற்றது.

ஏடு மட்டும் போதுமா? போதாது என்பதை ஒப்புகிறேன். 1865-க்கு முன் நான்கு ஆண்டுகள் உள்நாட்டுப் போர் நடந்தது. செரோக்கி மக்கள் தமக்கென 1827-இல் எழுத்து வடிவில் அரசியலமைப்பு வகுத்தனர். 1832-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் மண்ணில் ஜார்ஜியாவின் சட்டங்கள் செல்லா என்று தீர்ப்பும் அளித்தது. ஆயினும் 1838-இல் படைகள் அவர்களைத் தம் மண்ணைவிட்டு விரட்டின. வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தீர்ப்பை நிறைவேற்ற மனமில்லாத ஆட்சியில் ஏடு உதவாது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டுவதில்லை. ஆனால் ஏடும் இல்லையெனில் பெட் எதைச் சொல்லி வழக்குமன்றம் சென்றிருப்பார்? டக்ளஸ் எதை எடுத்து வாதிட்டிருப்பார்?

நம் நாட்டின் அரசியலமைப்பும் ‘மக்களாகிய நாம்’ என்றே தொடங்குகிறது. ஆனால் ஒன்றில் அது மாறுபட்டது. தீண்டாமை என்னும் தீமையை இடக்கரடக்கலால் மறைக்காமல், பெயர் சொல்லியே 17-ஆம் பிரிவில் ஒழித்தது. தீமைக்குப் பெயரிடும் துணிவு சட்டத்தின் முதல் கடமை. சொல்லிய சொல்லைச் செயலாக்குவது குடிமக்கள் கடமை.

மாணவச் செல்வங்கட்கு ஒரு செய்தி கூறி முடிக்கிறேன். 1789-இல் அமெரிக்கப் பேரவை மாநிலங்களுக்கு அனுப்பிய திருத்தங்கள் பன்னிரண்டு, நிறைவேறியவை பத்து. எஞ்சியவற்றுள் ஒன்று, பேரவை உறுப்பினர் தம் ஊதியத்தை மாற்றினால் அடுத்த தேர்தலுக்குப் பின்னரே அது நடைமுறைக்கு வரவேண்டும் என்பது. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் அது கிடப்பில் கிடந்தது. 1982-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அதனைக் கண்டெடுத்து, இன்றும் அது நிறைவேற்றத்தக்கதே என்று கட்டுரை எழுதினார். அக்கட்டுரைக்குக் கிடைத்தது குறைந்த மதிப்பெண். அவர் சோர்ந்துவிடாமல் மாநிலம் மாநிலமாகக் கடிதங்கள் எழுதினார். 1992-இல் அது 27-ஆவது திருத்தமாக நிறைவேறியது.

பிறர் சொன்ன சுருக்கத்தைப் படித்து ஒரு சாசனத்தைப் போற்றவோ தூற்றவோ வேண்டா. மூலத்தை எடுத்துப் படியுங்கள். அதில் யார் பெயர் உண்டு, யார் பெயர் இல்லை என்று பாருங்கள். இல்லாதவர் பக்கம் நின்று அதனை மீண்டும் ஒருமுறை படியுங்கள்.