வாள் கொடுத்தார்கள், கடனைக் கொடுக்கவில்லை

1779ஆம் ஆண்டு அமெரிக்காவின் வர்ஜீனியா சட்டமன்றம் தன் மிலிஷியா அதிகாரி ஒருவருக்கு அழகிய வாள் ஒன்றைப் பரிசளிக்கத் தீர்மானித்தது. பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போர்க்காலம் என்பதால் மனத்துக்குப் பிடித்த புது வாள் அகப்படவில்லை. ஒருவர் சில காலம் இடுப்பில் கட்டியிருந்த வாளை விலைக்கு வாங்கி அனுப்பினார்கள். அதிகம் பயன்படுத்தப்படாத வாள்தான் என்று துணை ஆளுநர் ஜான் பேஜ் கடிதத்தில் சமாதானமும் சொன்னார். பெற்றுக்கொண்டவர் ஜார்ஜ் ராஜர்ஸ் கிளார்க்.

மிலிஷியா என்பது நிரந்தரப் பட்டாளம் அல்ல. ஆபத்து வந்தால் உழவரும் வியாபாரியும் துப்பாக்கி தூக்குகிற ஊர்ப்படை. அப்படிப்பட்ட ஆட்களையும் பிரெஞ்சுக் குடியேறிகளையும் சேர்த்துக்கொண்டு, சுமார் 170 பேரோடு, அதே ஆண்டு பிப்ரவரியில் கிளார்க் இல்லினாய் வெள்ளக்காட்டுக்குள் இறங்கினார். குளிரில் உறைந்துபோகும் தண்ணீர். சில இடங்களில் தோள்மட்டம். பட்டினி வேறு. இரண்டு வாரத்துக்கும் மேல் நடந்துபோய் வின்சென்ஸ் கோட்டையை முற்றுகையிட்டு, டெட்ராய்ட்டின் பிரிட்டிஷ் துணை ஆளுநர் ஹென்றி ஹாமில்டனைச் சரணடைய வைத்தார்கள். கிளார்க்குக்கு அப்போது வயது 26.

அவரைப் புனிதராக்கவும் வேண்டியதில்லை. கோட்டைக்குள் இருந்தவர்கள் பார்த்து நடுங்கட்டும் என்று, கையில் சிக்கிய பூர்வகுடியினரை வெட்டவெளியில் வைத்து வெட்டிக் கொல்ல வைத்தவர் அவர். பரிசு வாளின் பளபளப்பு இதையும் சேர்த்தே மறைக்கிறது.

ஆனால் வர்ஜீனியா அவருக்குச் செய்தது தனிக் கதை. படைக்கு வேண்டிய மாவு, வெடிமருந்து, துணிமணி எல்லாவற்றுக்கும் கிளார்க் தன் பெயரில் கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கினார். போர் முடிந்து கணக்குக் கொண்டுபோனபோது ரசீது சரியில்லை என்று அரசு கைவிரித்தது. கடன்காரர்கள் அவரைக் கடைசிவரை விடவில்லை. அவர் பெயரில் நிலம் இருந்தால் பறிபோய்விடும் என்ற நிலை. 1809இல் பக்கவாதம் வந்து, காலில் தீக்காயம் பட்டு, அந்தக் காலையே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு லூயிவில் அருகே தங்கை வீட்டில் அடைக்கலம்.

1812இல் வர்ஜீனியாவுக்குத் திடீரென்று நினைவு வந்தது. ஆண்டுக்கு 400 டாலர் ஓய்வூதியம், கூடவே இன்னொரு வாள்! நடக்க முடியாத மனிதருக்கு இரண்டாவது வாள் எதற்கு என்று அந்தச் சபையில் யாருக்கும் தோன்றவில்லை போலும். வாளை வாங்கிய கிளார்க் அதை மண்ணில் குத்தி உடைத்தெறிந்தார் என்றும், எனக்கு வேண்டியது சோறு என்று கத்தினார் என்றும் ஒரு கதை உலவுகிறது. வரலாற்றாசிரியர்கள் இதை அவ்வளவாக நம்புவதில்லை. என்றாலும் அவரை அறிந்த ஊர் அப்படியொரு கதையைக் கட்டிச் சொன்னதிலேயே நியாயம் எந்தப் பக்கம் என்பது தெரிகிறது.

கிளார்க் 1818இல் இறந்தார். அவருடைய ரசீதுகள் 1913இல் ரிச்மண்டில், அரசுக் கட்டடத்திலேயே, கட்டுக்கட்டாகக் கிடைத்தன.

இவர் ஒருவர் மட்டும் என்றால் விதி என்று விட்டுவிடலாம். ரோட் ஐலண்டின் வில்லியம் பார்ட்டன் கதையையும் பாருங்கள். 1777 ஜூலையில் ஐந்து படகுகளில் நாற்பது பேரோடு, பிரிட்டிஷ் கப்பல்களின் கண்ணில் மண்ணைத் தூவி, நள்ளிரவில் பிரிட்டிஷ் ஜெனரல் பிரெஸ்காட்டை அரைகுறை உடையோடு தூக்கிவந்தவர் அவர். ஜெனரலின் அறைக்கதவைத் தலையால் முட்டி உடைத்தவர் ஒரு கறுப்பின வீரர் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன, அவர் ஜாக் சிசன் என்று கருதுகிறார்கள். அந்த மாதமே அமெரிக்கக் காங்கிரஸ் வாள் வழங்கத் தீர்மானம் போட்டது, பார்ட்டனுக்கு மட்டும். அந்தத் தீர்மானத்தில் சிசன் பெயர் இல்லை. பார்ட்டனும் சுகப்படவில்லை. வெர்மாண்ட் நிலத் தகராறு ஒன்றில் தீர்ப்புத் தொகையைக் கட்ட மறுத்து, பத்தாண்டுக்கும் மேல் கடன் கைதியாகக் கிடந்தார். 1825இல், அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட்தான் பணத்தைக் கட்டி அவரை விடுவித்தார். சாதாரண மிலிஷியா வீரர்களுக்கோ 1818ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தில் இடமே இல்லை. 1832 வரை காத்திருந்தார்கள்.

வாள் கொடுப்பது அரசுக்கு மலிவான வேலை. ஒருமுறை செலவு, ஒரு விழா, பாராட்டுரை. பிறகு கணக்கு முடிந்ததாக எண்ணிக்கொள்ளலாம். நம்மூர் மாநாட்டு மேடைகளில் தலைவர் கையில் வெள்ளி வீரவாளைக் கொடுத்துப் படமெடுப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த மனநிலையை விளக்க வேண்டியதில்லை.

வாளைவிடப் பணம்தான் உதவும் என்பதைக் கடைசியில் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் லண்டன் வணிகர்கள். 1803இல் லாயிட்ஸ் காப்பிக் கடையில் தொடங்கிய தேசபக்த நிதியம், பதவிக்குத் தக்கபடி 100, 50, 30 பவுண்டு மதிப்புள்ள வாள்களை அதிகாரிகளுக்கு வழங்கியது. நீலமும் பொன்னும் இழைத்த அலகு, ஹெர்குலிஸ் சின்னங்கள் பொறித்த பிடி என்று ஒவ்வொன்றும் நகைக்கடை வேலைப்பாடு. 1809இல் அதை நிறுத்திவிட்டு, காயம்பட்டவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்குமே பணத்தைச் செலவிடுவது என்று முடிவெடுத்தார்கள். அந்த நிதியம் செய்த மிகச் சிறந்த காரியம் அதுதான். இன்று ஏலக்கூடங்களில் பெருந்தொகைக்குப் போகும் அந்த வாள்களைவிட அந்த முடிவுதான் நினைவில் வைக்கத் தக்கது.

பரிசு வாள்களைக் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகங்களுக்கு ஒரு வேண்டுகோள். வாளின் பக்கத்தில், பெற்றவருக்குக் கொடுத்தவர்கள் வைத்த பாக்கியையும் எழுதி வையுங்கள். கிளார்க்கின் வாளுக்கு அருகே ஃபிரான்சிஸ் விகோ என்ற வணிகரின் பெயரும் இருக்கட்டும். இத்தாலியில் பிறந்த அவர்தான் அந்தப் படைக்குப் பணமும் பொருளும் கொடுத்து உதவியவர். அவர் வைத்திருந்த ஒரு பணச்சீட்டின் தொகை மட்டும் 8,616 டாலர். விகோ 1836இல் வறுமையில் இறந்தார். உச்ச நீதிமன்றம் வரை போன பிறகு, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, அந்தப் பணம் வட்டியோடு வாரிசுகள் கைக்கு வந்தது.