பில் கட்டுபவரிடம் சொன்னால் போதுமா?

காலை ரவுண்ட்ஸில் டாக்டர் "டிஸ்சார்ஜ்" என்று சொன்னதும் வார்டில் பரபரப்பு தொற்றிக்கொள்கிறது. மகன் பில் கவுன்ட்டருக்கும் காப்பீட்டு மேசைக்கும் மாறி மாறி ஓடுகிறார். பக்கவாதம் வந்து படுத்திருக்கும் அப்பாவின் மூக்கில் உணவு செலுத்தும் குழாய் இன்னும் இருக்கிறது. அதோடுதான் வீட்டுக்குப் போகப்போகிறார். ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்போது செவிலியர் ஓடிவந்து குழாய், படுக்கைப்புண், மாத்திரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மகனிடம் சொல்லி முடிக்கிறார். "புரிஞ்சுதா சார்?" "புரிஞ்சுது சிஸ்டர்." மறுநாள் அந்தக் குழாயில் கஞ்சி ஊற்ற வேண்டியவர் மருமகள். அவர் அப்போது கட்டிலுக்கடியில் இருந்த பாத்திரங்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் அன்றாடம் நடப்பது இதுதான். வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கற்றுத்தருவதும் சிகிச்சைதான். ஆனால், நேரம் மிஞ்சினால் செய்யும் உபகாரமாகவே அதை நம் மருத்துவமனைகள் வைத்திருக்கின்றன. ஊசி போட்டால், ரத்த அழுத்தம் பார்த்தால் சார்ட்டில் குறிக்க இடம் உண்டு. கற்றுக்கொடுத்ததைக் குறிக்கப் பல வார்டுகளில் இடமே இல்லை. தர அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் அதற்கென்று ஒரு படிவம் இருக்கும். உறவினர் கையெழுத்துப் போட்டால் அதுவும் நிறைந்துவிடும். அவரால் இப்போது அதைச் செய்ய முடிகிறதா என்பது வேறு கேள்வி.

குழாய் வழி உணவையே எடுத்துக்கொள்வோம். நன்றாகச் சொல்லித்தரும் ஒரு செவிலியர் முதலில் வாயால் எதுவும் சொல்வதில்லை. நோயாளியின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்கிறார். மூக்கருகே குழாயில் இருக்கும் அடையாளம் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார். சிரிஞ்சால் லேசாக இழுத்து, இரைப்பை நீர் வருகிறதா என்று காட்டுகிறார். பிறகு கொஞ்சம் தண்ணீர், அதன்பின் வடிகட்டிய கஞ்சி. சிரிஞ்சின் தண்டை அழுத்துவதில்லை. அதைக் கழற்றிவிட்டுக் குழலைத் தூக்கிப் பிடிக்கிறார், கஞ்சி தானாக இறங்குகிறது. கடைசியில் மறுபடியும் தண்ணீர். அடுத்த வேளைக்கு சிரிஞ்சை மருமகள் கையில் கொடுத்து, "நீங்க ஊத்துங்கம்மா, நான் பாக்குறேன்" என்கிறார். அவர் முடித்தவுடன் தலையைத் தாழ்த்தப் போகிறார். "இறக்காதீங்க, அரை மணி நேரமாவது இப்படியே இருக்கட்டும். இல்லன்னா கஞ்சி நெஞ்சுல ஏறிடும்." நுரையீரலுக்குள் உணவு போய் நிமோனியாவாகி, அதே நோயாளி அதே வார்டுக்குத் திரும்புவதை இந்த ஒரு திருத்தம் தடுக்கலாம். "புரிஞ்சுதா?" என்று கேட்டிருந்தால் அந்தத் தவறு கண்ணில் பட்டிருக்காது. செய்யவைத்துப் பார்த்ததால்தான் தெரிந்தது.

இன்சுலினில் இன்னொரு சிக்கல் உண்டு. நம் ஊரில் விற்கும் குப்பிகளில் பெரும்பாலானவை ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளவை. அதற்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் மருந்துக்கானது ஆரஞ்சு மூடி. இரண்டும் ஒரே மருந்துக் கடையில் கிடைக்கும். 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 8 யூனிட்தான். மாறாக, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 50 யூனிட் ஏறிவிடும். சர்க்கரை சரிந்து ஆள் மயங்கி விழுவார். டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்தின் பெயரும் யூனிட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். மூடியின் நிறம் இருக்காது. அதைச் சொல்லவேண்டியவர் செவிலியர். வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்க வேண்டியவரும் அவரே. இல்லையென்றால் ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் குப்பியை வைக்கலாம் என்பது பல வீடுகளுக்கு இன்றும் உதவும் யோசனை. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள் என்று சொல்வதும் எளிது. பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விடும் வீட்டில் யார் புரட்டுவது? கற்பித்தல் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

படிக்காத குடும்பங்களுக்கு இதெல்லாம் எங்கே புரியும் என்று சலித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில், கங்காரு தாய்ப் பராமரிப்பு. 1970களின் இறுதியில், கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனை, எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவைக்கக் கற்றுக்கொடுத்தது. பிறந்த உடனேயே இதைத் தொடங்கினால் என்ன ஆகும் என்று இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. முதல் 28 நாள்களில் குழந்தை இறப்பு 25 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே சிகிச்சை தந்தது தாய். கற்றுக்கொடுத்து அருகில் இருந்தவர்கள் செவிலியர்கள். கற்கும் தகுதி குடும்பங்களுக்கு எப்போதும் இருந்திருக்கிறது. கற்றுத்தருவதற்கான நேரத்தைத்தான் நாம் ஒதுக்கவில்லை.

அந்த நேரம் எங்கிருந்து வரும்? பயிற்சி மருத்துவமனைகளில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்றவற்றில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் கவுன்சிலின் அளவுகோல். இரவுப் பணியில் முப்பது, நாற்பது படுக்கைகளை ஒருவரே பார்க்கும் வார்டுகள் நம்மிடம் அபூர்வமல்ல. தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்ட செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகத்தின் (டிஎம்எஸ்) வளாகத்தில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அதை ஊதியப் பிரச்சினையாக மட்டுமே பார்த்தோம். ஐந்து நிமிடம் நின்று ஒரு மருமகளுக்குச் சொல்லித்தர முடியாமல் போவதும் அதே பிரச்சினையின் இன்னொரு முகம்.

நோயாளி வீடு திரும்பிய பிறகு? தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சரியான திசையில் வைத்த அடி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மருந்து வீடு தேடி வருகிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வருகிறார்கள். ஆனால், அந்தச் செவிலியர் வட்டாரத்துக்கு ஒருவர் என்பதே ஏற்பாடு. 2008இல் ஆதரவுச் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை வகுத்த கேரளத்தில் உள்ளாட்சிகள் ஊராட்சி அளவிலேயே இத்தகைய செவிலியரை வைத்திருக்கின்றன. அங்கே ஓர் ஊராட்சி நம்முடையதைவிடப் பெரிது என்பது உண்மை. அப்படியும் நம் வட்டாரம் அதைவிடப் பல மடங்கு பெரியது. ஒரு வீட்டுக்கு மறுபடி வர வாரக்கணக்கில் ஆகுமென்றால், முதல் வருகையில் கற்றுத்தருவதுதான் அந்த வாரங்களைக் காப்பாற்றும்.

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார் என்பதை, சேர்க்கும் நாளிலேயே கேஸ் ஷீட்டில் எழுதலாம். பெண் வார்டு, ஆண் வார்டு விதிகளைக் காரணம் காட்டி அவரை வெளியே நிறுத்தாமல், தினமும் ஒரு வேளை உள்ளே விடலாம். அவர் தன் கையால் மூன்று முறை சரியாகச் செய்த பிறகே டிஸ்சார்ஜ் என்று வைத்துக்கொள்ளலாம். சம்மரியோடு தமிழில் ஒரு பக்கம்: எந்த மூடி சிரிஞ்சு, எத்தனை வேளை, எந்த அறிகுறி கண்டால் உடனே கிளம்பி வரவேண்டும், எந்த எண்ணுக்குப் பேச வேண்டும். அதன் அடியில் கற்றுக்கொண்டவர் பெயரும் கற்றுக்கொடுத்த செவிலியரின் பெயரும். செவிலியரின் பணிப் பதிவேட்டில் கற்றுத்தந்த அந்த நேரமும் வேலை நேரமாக ஏறட்டும். பணியிடங்களைக் கணக்கிடும்போது சுகாதாரத் துறை அதையும் சேர்த்தே கணக்கிடட்டும்.